திட்டுகிற பஸ்

ஆப்பியா நகரச் சந்தைக்குப் பக்கத்தில் பெனியாமினாவின் பஸ் புறப்படத் தயாராக நின்றது. உள்ளே ஒரு பெரியவரும் அவருடைய சேப்பங்கிழங்குக் கூடையும்தான். அந்தப் பெரியவருக்கோ காது கேட்காது.

பக்கத்தில் ஃபோதுவின் பஸ். அதே ஊருக்குப் போகிற பஸ், அதே கட்டணம். ஆனால் ஒருவர் மடியில் ஒருவர், அவர் மடியில் ஒரு பன்றிக்குட்டி என்று வண்டி பிதுங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் பாட்டு செய்கிற வேலை. ஃபோதுவின் மருமகன் ஆக்லாந்தில் உட்கார்ந்து பாட்டுகளை வெட்டி ஒட்டிக் கலந்து அனுப்புகிறான். பெனியாமினாவின் வண்டியிலோ அவனுடைய சொந்தக் கல்யாணத்தில் போட்ட பாட்டே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஃபோதுவின் வண்டியில் கால் வைக்க இடம் தேடிய ஒருத்தியைப் பெனியாமினா கூப்பிட்டான். "இங்கே இடம் கிடக்கே. வீட்டுக்குப் போக அவசரம் இல்லையா?"

"அவசரம்தான் பெனி அண்ணே. அதுக்காக உன் பாட்டைக் கேட்கணுமா?"

இதிலே இன்னொரு சங்கதி. வண்டி அவனுடையது அல்ல. மனைவி சியெனியின் அக்கா லூப்பேவினுடையது.

"சனிக்கிழமைக்குள்ளே வண்டி நிறையணும் பெனி," என்று லூப்பே கொக்கோவை ஊதிக் குடித்தபடி சொல்லியிருந்தாள். "இல்லேன்னா சாவியை ஃபோதுவோட தம்பிகிட்ட குடுத்துடுவேன். காத்தை ஏத்திட்டுப் போகவா நான் பஸ் வாங்கினேன்?"

கோபமில்லாமல் சொன்னாள். அப்படியானால் செய்தே விடுவாள்.

வெலிங்டனில் படிக்கும் மகளுக்குப் போன் போட்டான்.

"ரொம்ப சுலபம்ப்பா," என்றாள் மகள். "பாட்டு கலக்கற சாஃப்ட்வேர் நான் விட்டுட்டு வந்த லேப்டாப்பிலேயே இருக்கு. திறந்தா ரெண்டு வட்டம் வரும். இதுலே ஒண்ணு, அதுலே ஒண்ணு போடுங்க. நடுவிலே பொத்தான். அமுக்கினா அதுவே தாளம் சேர்த்து, வெட்டி ஒட்டிக்கும். கைக்குழந்தைகூடச் செய்யும்."

"இங்கே கைக்குழந்தைக்கு எங்கேம்மா போவேன்? நான்தானே இருக்கேன்."

இடது வட்டத்தில் ஒரு ரெகே பாட்டைப் போட்டான். வலது வட்டத்தில் எதைப் போடுவது? லேப்டாப்பில் 'ஞாயிறு' என்று ஒன்று இருந்தது, அதையே இழுத்துவிட்டான். அது சர்ச் பாடகர் குழுவின் ஒத்திகையை மகள் எப்போதோ பதிவு செய்து வைத்தது. குழுவை நடத்துகிறவள் சியெனி. அவள் ஒத்திகை எப்படி இருக்கும் என்பது ஊருக்கே தெரியும்: பாட்டு கொஞ்சம், வசவு மிச்சம். பொத்தானை அமுக்கிய நேரத்தில் வாசலில் சியெனியின் செருப்புச் சத்தம் கேட்டது. கலந்து வந்ததைக் கேட்டுக்கூடப் பார்க்காமல் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மூடியைச் சாத்தினான்.

திங்கட்கிழமை காலை. வண்டி கடற்கரை வளைவில் திரும்பும்போது, ரெகே தாளத்துக்கு நடுவே சியெனியின் குரல் வந்து இறங்கியது.

"வாயைத் திற. வாயைத் திற. அது வாயா, தைச்ச கோணியா? கோணியா, கோணியா, கோணியா..."

பெனியாமினா பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தான். பிறகுதான் பிரேக்கை மிதித்தான்.

"ஏன் நிறுத்துறே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "திரும்பப் போடு அண்ணே."

சாயங்காலம் அவன் வண்டியில் நிற்கக்கூட இடமில்லை. 'திட்டுகிற பஸ்' என்ற பெயர் அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. வேலை போகாது என்று நிம்மதியானவன், உடனே இன்னொன்றை நினைத்து வியர்த்தான். சியெனிக்குத் தெரிந்தால்?

வீடு நெருங்கும்போது ஒலியை அணைத்துவிடுவது என்று முடிவு செய்தான். நல்ல யோசனைதான். ஆனால் அணைத்ததும் வண்டி முழுக்கச் சேர்ந்து, கையால் பலகையில் தாளம் தட்டி, "கோணியா, கோணியா" என்று அவன் வீட்டைக் கடக்கும்வரை பாடித் தீர்த்தது. பாடகர் குழு ஒரு நாளும் அவ்வளவு ஒழுங்காகப் பாடியதில்லை.

"என்ன பாட்டுங்க அது?" என்று இரவுச் சாப்பாட்டின்போது சியெனி கேட்டாள்.

"ஏதோ புதுசு."

"ம்," என்று அவள் மீனைத் திருப்பிப் போட்டாள்.

அந்த 'ம்' அவனைத் தூங்கவிடவில்லை. குரலை மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்? லேப்டாப் திரையில் ஒரு கோல் இருந்தது. அதைக் கீழே இழுத்தால் குரல் தடிக்கும். இழுத்தான். மறுநாள் வண்டியில் அது அச்சு அசலாகப் போதகரின் குரலாக ஒலித்தது. ஊர் பயந்து சிரித்தது. மத்தியானம் போதகரே ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, முழுவதும் கேட்டார்.

"பெனி, நான் யாரைப்பா கோணின்னு சொன்னேன்?"

"நீங்க இல்லைங்க ஐயா. இயந்திரம்."

"அதையும் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வரச் சொல்லு," என்று இறங்கிப் போனார்.

புதன்கிழமை கோலை மேலே தள்ளினான். குரல் மெலிந்து, கீச்சென்று, லூப்பேவாகிவிட்டது. அக்கா தங்கை அல்லவா, வேறு எப்படி இருக்கும். லூப்பே போனில் கூப்பிட்டாள்.

"என் பஸ்ஸிலே, என் டீசலைப் போட்டு, என்னையே கேலி பண்றியா?"

"மதினி, அது நீங்க இல்லே."

"அப்போ யாரு?"

பெனியாமினா போனை வைத்தான். போதகரா, அக்காவா, தங்கையா என்று மாறி மாறி நினைத்துப் பார்த்து, கடைசியில் குரலையே மொத்தமாக வழித்து எடுத்துவிட்டான். மிஞ்சியது வெறும் தாளம். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. யாரும் ஏறவும் இல்லை.

சனிக்கிழமை சந்தை கூடியது. காது கேட்காத பெரியவர் தம் கூடையோடு ஏறினார். அவ்வளவுதான். எதிர்ப்பக்கம் லூப்பே கை நீட்டிச் சாவியை வாங்கத் தயாராக நின்றிருந்தாள். பக்கத்தில் ஃபோதுவின் தம்பி, புதுச் சட்டையில். ஃபோதுவின் பஸ்ஸோ கூரைவரை நிறைந்திருந்தது. அதற்குள்ளிருந்து, அருமையான தாளத்தில், மிகவும் பழகிய குரல் கேட்டது.

"மெதுவா ஓட்டு. குறுக்கே பன்னி வருது. கண்ணு எங்கே இருக்கு? எங்கே, எங்கே, எங்கே..."

பெனியாமினா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த வண்டியின் ஜன்னலில் போய்த் தட்டினான்.

"ஃபோது எங்கே? என் பெண்டாட்டி குரலைத் திருடிட்டான் பாரு. இன்னிக்கு ரெண்டில் ஒண்ணு பார்த்துடறேன்."

ஜன்னலோரம் பன்றிக்கறி பன்னைத் தின்றுகொண்டிருந்தவள் அவனை ஏற இறங்கப் பார்த்து, நிதானமாக மென்று விழுங்கினாள்.

"யாரும் திருடலே அண்ணே. திங்கக்கிழமை சர்ச் வாசல்ல நின்னு உன் பஸ்ஸிலே தன் குரலைக் கேட்டு அவ்வளவு பெருமைப்பட்டாங்களாம் சியெனி அக்கா; நீ அதை ஆம்பளைக் குரலாக்கி, அக்கா குரலாக்கி, கடைசியிலே ஆளையே எடுத்துட்டியேன்னுதான் மனசு வெறுத்து, நேத்து இங்கே வந்து புதுசா திட்டிக் குடுத்துட்டுப் போனாங்க."