கேற்றில் ஜெனரஸ் என்று எழுதிய வீடு

கொட்டாஞ்சேனை,
வெசாக்குக்கு முந்திய கிழமை, 1967.

அன்புள்ள மச்சான் ஹியூபேட் அவர்களுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் உமது தங்கை மெற்றில்டாவும் சுகம். தெஹிவளையில் நீரும் மச்சாளும் அப்படியே இருக்க மாதாவை மன்றாடுகிறோம். இந்தக் கடிதத்தை நான் ஒருவரையும் கொண்டு எழுதுவிக்கவில்லை. சூசைதாசனாகிய நானே, என் கையால், ஆறுதலாக எழுதுகிறேன். இடையில் பொழுது விடிந்து பொழுது பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

விஷயம் இதுதான். மெற்றில்டா பெட்டியைக் கட்டிக்கொண்டு உம்மிடம் வரப்போவதாகச் சொல்கிறாள். வந்தால் நீர் கதவைத் திறக்கக் கூடாது. எங்கள் கேற்றில் நான் அடித்திருக்கும் பலகையைக் கழற்றினால்தான் இந்த வீட்டில் இருப்பாளாம். நான் கழற்ற மாட்டேன்.

போன வருடம் பங்கு மண்டபத்து மாலை வகுப்பில் தமிழ் எழுத்துப் படித்தேன் அல்லவா, இந்த வருடம் கொன்ஸ்ரன்ஸ் ரீச்சர் இங்கிலிஷ் தொடங்கினா. ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்து, அதன் அர்த்தத்தையும் பாவிக்கிற விதத்தையும் முழுதாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றா. எனக்கு வாய்த்தது ஜெனரஸ். தாராளமான என்று பொருள். என்ன அருமையான சொல், மச்சான். கை நீட்டிக் கொடுக்கிற மனிதருக்கு மட்டும் என்று நினைத்துவிடாதேயும். அகப்பை நிறைய அள்ளிப் போட்ட சோற்றுக்கும் அது பொருந்தும். பக்கத்து வீட்டு நஸீறா பெருநாளுக்கு அனுப்புகிற வட்டிலப்பத் துண்டு இருக்கிறதே, தட்டை மூடிக்கொண்டு வரும், அதற்கும் பொருந்தும். அடுத்தவனுடைய பிழையைச் சின்னதாக எடுத்துக்கொள்கிற மனதையும் அப்படியே சொல்லலாமாம். "ஒண்டு மட்டும் கவனம் ஐயா, தன்னைப் பற்றித் தானே இதைச் சொல்லிறேல்லை," என்றா ரீச்சர். "நான் என்னைச் சொல்லேல்லை ரீச்சர், வீட்டைத்தான் சொல்லப்போறன்," என்றேன். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் கேற்றில் இங்கிலிஷ் பெயர் உண்டு. நாங்கள்தான் வெறும் நம்பரோடு கிடந்தோம். ஒரு நல்ல தேக்கம்பலகை எடுத்து, நீல பெயின்றில், ஒவ்வொரு எழுத்தாக எழுதி, காயவிட்டு, ஆணி அடித்தேன்.

அடித்த அன்று பின்னேரமே ஜிந்துப்பிட்டி முருகன் கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்க்கிற ஆட்கள் வந்தார்கள். "ஐயா வேதக்காரர் எண்டு தெரியும். ஆனா கேற்றில அப்பிடி எழுதிக் கிடக்கேக்க கேளாமப் போறது மரியாதையில்லைத்தானே," என்றார்கள். எடுத்துக் கொடுத்தேன். அடுத்ததாக மெத்தை தைக்கிற றவூப் வந்து, "என்ன அங்கிள், போர்ட் எல்லாம் போட்டிரிக்கீங்க, எங்கட ஃபுட்போல் டீமுக்கு ஜேர்சி எடுத்துத் தர மாட்டீங்களா?" என்றான். கேளாமல் கொடுப்பதுதான் ஜெனரஸ், நீ கேட்டுவிட்டபடியால் அந்தச் சொல் கெட்டுப்போயிற்று என்று நான் அவனுக்குப் பாவிக்கும் விதத்தை விளக்கினேன். "அப்ப நான் கேக்கல்ல அங்கிள், சும்மா நிக்கிறேன்," என்று நின்றான், மச்சான், நின்றுகொண்டே இருந்தான். யாரோ ஒரு புண்ணியவான் குட்டிகளோடு ஒரு பூனையைப் பெட்டியில் வைத்து எங்கள் கேற்றடியில் விட்டுவிட்டுப் போனான். அதற்கு மேல், மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த வின்சன்ற் என்கிற கிளாக்கர், பலகையை வாசித்து இது சாப்பாட்டோடு அறை கொடுக்கிற இடம் என்று நினைத்து, ட்ரங்குப் பெட்டியோடு நேரே உள்ளே வந்து கைகால் கழுவிவிட்டார். அது பெயர்தான், தொழில் அல்ல என்று நான் விளக்கி முடிக்கிறதற்குள் மெற்றில்டா அவருக்குச் சோறு போட்டுவிட்டாள். இன்னும் முன்னறையில்தான் இருக்கிறார். தங்கமான பிள்ளை.

"இஞ்ச பாருங்கோ, பேர் வைச்சது நீங்கள், சட்டி கழுவுறது நான்," என்கிறாள் உமது தங்கை. "ஊரிலை உள்ளவன் முழுக்க வந்து போறான். ஒண்டில் பலகை, ஒண்டில் நான்."

நியாயம் அவள் பக்கம் கொஞ்சம் உண்டுதான். ஆனாலும் கேளும். ஹாபரில் கப்பல் வேலை செய்த காலம் முழுவதும் சம்பளத்துக்குப் பெருவிரல் வைத்தவன் நான். ஊர் பார்க்க நான் எழுதிய முதல் சொல் அது. அதைக் கழற்றுவதும் விரலைத் திரும்ப மையில் தோய்ப்பதும் எனக்கு ஒன்றுதான். ஆகவே பலகை இருக்கும், மெற்றில்டாவும் இருப்பாள், இரண்டையும் நான் விடமாட்டேன். தமையன் என்ற முறையில் நீர் அவளுக்கு இரண்டு வரி கண்டிப்பாக எழுத வேண்டும்.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசீர். உமது முழங்கால் நோவுக்காக அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உமது மச்சான்
சூசைதாசன்
(கையெழுத்து என்னுடையது)

பி.கு. வெசாக்குக்கு மறுநாள் எழுதுகிறேன். மேலே எழுதியது ஒன்றையும் செய்ய வேண்டாம். நான் வகுப்புக்குப் போயிருந்த நேரம், சந்திக்கடை பியசேன, வெசாக்குக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சும்மா கொடுக்கிற தன்சலுக்குக் கொட்டில் அடிக்க ஒரு துண்டுப் பலகை கேட்டு வந்திருக்கிறான். உமது தங்கை கேற்றுப் பலகையைக் கழற்றி, ஆணியோடு கொடுத்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் செருப்பும் போடாமல் சந்திக்குப் போனேன். அங்கே பெலிமல் என்கிற வில்வம்பூத் தேத்தண்ணீர் கொதிக்கிற கிடாரத்துக்கு மேலே, எழுத்து ரோட்டைப் பார்க்க அடித்திருக்கிறார்கள். அதற்குக் கீழே கோயில்காரர், றவூப், நஸீறாவின் பிள்ளைகள் என்று ஊரே நிற்கிறது. வின்சன்ற் தம்பி கோப்பை கழுவுகிறார். பலகையைக் கேட்க வாய் திறந்தேன். "அய்யே, லைன்ல வாங்க," என்றான் பியசேன. வரிசையில் எனக்கு முன்னால் மெற்றில்டா நின்றாள். தன் கோப்பையை என் கையில் தந்துவிட்டு, "இனி வீட்டுக்கு என்ன பேர் வைக்கப் போறியள்?" என்று கேட்டாள். நம்பர் போதும் என்றேன்.