பொன்சோவுக்கு ஒன்பது நாள் ஜெபம்

அக்டோபர் மூன்றாம் ஞாயிறன்று புலகானுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். எந்தச் சக்தி வந்து இழுத்தாலும் சரி. முப்பத்தொன்பது வருஷ இல்லறத்தில் நான் உறுதியாக எடுத்த முடிவுகளில் இது இரண்டாவது. முதல் முடிவு என்னவென்று மறந்துவிட்டது. எப்படியும் அது நிறைவேறியிருக்காது.

புலகானில் என் மச்சான் பிரிமிதிவோவின் பேரனுக்கு ஞானஸ்நானம். குழந்தை மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதன் தாத்தா டொயோட்டா ரசிகர், அதுதான் வருத்தம்.

எழுபதுகளில் மணிலாவில் கூடைப்பந்து பார்த்தவர்கள் இரண்டே ஜாதி. ஒன்று கிரிஸ்பா, இன்னொன்று டொயோட்டா. பனியன் கம்பெனி டீம் எங்களுடையது. கார் கம்பெனி டீம் அவர்களுடையது. எழுபத்தாறில் பனியன்காரர்கள் ஒரே வருஷத்தில் மூன்று கோப்பையையும் தூக்கினோம். என்னைப் போய் பிரிமிதிவோ பக்கத்தில் உட்காரவைத்தால் பன்றி வறுவலைக் கடித்துக்கொண்டே, "அந்த வருஷம் மட்டும் நடுவர் ஒழுங்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பிப்பார். நாற்பது வருஷமாக அந்த நடுவர் திருந்தவே இல்லை.

அதே ஞாயிறுதான் குபாவோவில் கிரிஸ்பா பழைய ரசிகர் சங்கத்தின் நாற்பதாம் ஆண்டு விழா. முடிதிருத்தும் ஹெர்மோதான் சேதி சொன்னான். அப்போது என் தாடைக்குக் கீழே அவன் கத்தி இருந்தது.

"பான்யோங் அண்ணே, மைக் உங்களுக்குத்தான். மூணாவது கோப்பையை நேர்ல பார்த்தவங்கள்ல நடமாடுறது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க ஒண்ணு படுத்துட்டாங்க, இல்ல கனடாவுக்கு மக வீட்டுக்குப் போயிட்டாங்க."

"எவ்வளவு நேரம் பேசலாம்?"

"இருபது நிமிஷம். நல்லா பேசிட்டீங்கன்னா வருஷா வருஷம் நீங்கதான்."

ஆட முடியாததால் மனசுக்குள் ஆடினேன். முப்பது வருஷம் ஜீப்னி ஓட்டியவன் நான். என் முதுகுக்குப் பின்னால் எப்போதும் பதினெட்டு பேர். நான் பேசியதை ஒருத்தரும் கேட்டதில்லை. அவர்கள் 'நிறுத்து' என்றதைத்தான் நான் கேட்டேன். வீட்டிலும் அதே கதை, ஆள் மட்டும் ஒன்று. சாவதற்குள் இருபது நிமிஷம் ஒரு கூட்டம் வாயை மூடிக்கொண்டு நான் சொல்வதைக் கேட்க வேண்டும். வேறு ஆசை எனக்குக் கிடையாது.

ஞானஸ்நானத்தை வெட்ட எங்கள் ஊரில் ஒரே துருப்புச்சீட்டுதான் உண்டு. சாவு. சாவு வீட்டுக்குப் போகிறவனை மனைவிகூட மறிக்க மாட்டாள். ஆகவே ஒருத்தனைச் சாகடிக்க முடிவு செய்தேன். இருக்கிறவனைச் சாகடித்தால் பாவம், அதோடு வழியில் எதிரே வந்தும் தொலைப்பான். இல்லாதவனே உத்தமம்.

காலைச் சாப்பாட்டின்போது ஆரம்பித்தேன். பூண்டுச் சோறு, கருவாடு, காபி.

"மெடி, மனசே சரியில்லை. பொன்சோ போயிட்டான்."

"எங்க போயிட்டாரு?"

"மேல."

"எந்தப் பொன்சோ?"

"என் உயிர் சிநேகிதன் பொன்சோ."

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட அந்தப் பேரைச் சொன்னதில்லையே நீங்க."

"உயிர் சிநேகிதனைப் பத்தி யாராவது வெளியில சொல்லிக்கிட்டுத் திரிவாங்களா?"

என் மனைவி ரெமெடியோஸ் கருவாட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "பாவம். எப்படிப்பட்ட மனுஷன்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்லவும் சரக்கு வேண்டும். என்னிடம் இருந்ததே ஒரே ஒரு மூட்டைதான், அதைப் பிரித்தேன்.

"எழுபத்தாறுல கொலிசியம் ஸ்டேடியத்துல என் பக்கத்துல உக்காந்திருந்தான். வேர்க்கடலையை உரிச்சு உரிச்சு என் கையில கொடுப்பான்."

"அடடா."

"நடுவர் தப்பா விசில் ஊதினா சில்லறையை எடுத்து வீசுவான். குறி தப்பாது."

"அப்புறம்?"

"தன்னோட சோடாவை எனக்குப் பாதி கொடுத்துடுவான். சிரிச்சா கன்னத்துல குழி விழும்."

"பொன்சோவுக்கா?"

"ஆமா. நல்ல குழி."

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அன்று என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்தவள் மெடிதான். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயசு. அண்ணன் பிரிமிதிவோவோடு டொயோட்டாவுக்குக் கத்த வந்திருந்தாள். நெரிசலில் எனக்குக் கிடைத்த இடம் அவள் பக்கம். இதை ஹெர்மோ கடையில் நான் மூச்சுவிட்டதில்லை. எதிரி டீம் பெண்ணிடம் கடலை வாங்கித் தின்றவன் என்று தெரிந்தால் பாதிச் சவரத்தோடு வெளியே தள்ளிவிடுவார்கள். ஆக, அவளிடமே அவளைத் திருடி பொன்சோவுக்கு மாட்டிக்கொண்டிருந்தேன்.

மெடி என் டம்ளரில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். பிறகு, "இவ்வளவு நல்லவரா? நானும் ஒரு எட்டு வந்து பார்த்துட்டுப் போறேன்," என்றாள்.

காபி எனக்கு மூக்கு வழியாக வந்தது. "அடக்கமும் ஞாயித்துக்கிழமைதான். அப்போ ஞானஸ்நானத்துக்கு யார் போறது? உன் அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா? நீ அங்க போ, நான் இங்க போறேன். குடும்பம்னா அப்படித்தான் பிரிச்சுக்கணும்."

"அதுவும் சரிதான்," என்றாள். ஞாயிறு காலையில் எழுந்து தேங்காய்ப்பால் ஊற்றி வெல்லம் போட்டு ஒட்டரிசியில் ஒரு பெரிய தட்டு பிக்கோ கிண்டினாள். "துக்க வீட்டுக்கு வெறுங்கையோட போகாதீங்க," என்று என் மடியில் வைத்துவிட்டு அண்ணன் அனுப்பிய வேனில் ஏறிப் போனாள். எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. குபாவோ போய்ச் சேர்ந்ததும் சரியாகிவிட்டது.

விழாவில் நூற்றிருபது பேர். எல்லாரும் சிவப்பு பனியன், எல்லாரும் தொப்பை. ஹெர்மோ தட்டைப் பார்த்து, "என்ன அண்ணே இது?" என்றான். சாவு வீட்டுக்கு என்று செய்ததை வேறெப்படிச் சொல்வது? "பொன்சோன்னு என் சிநேகிதன். எழுபத்தாறுல என்கூட இருந்தவன். போயிட்டான்," என்றேன். ஹெர்மோ அப்போதே கண் கலங்கினான். கலங்கிய கண்ணோடு இரண்டு துண்டு எடுத்துக்கொண்டான்.

மைக் கைக்கு வந்தது. ஒரு சத்தம் இல்லை. நூற்றிருபது வாயும் மூடியிருந்தன. முதல் கோப்பையைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். மூன்றாவதில் பொன்சோ தானாகவே உள்ளே வந்துவிட்டான். கடலையைச் சொன்னேன், சோடாவைச் சொன்னேன். கூட்டமே எழுந்து பொன்சோவுக்கு ஒரு நிமிஷம் மௌனம் காத்தது. நானும் தேம்பித் தேம்பி அழுதேன். இருந்து செத்தவனுக்கு அழுதால் அவன் செய்த வேலைகளும் நினைவுக்கு வந்து கண்ணீர் பாதியில் நின்றுவிடும். பொன்சோவிடம் ஒரு குறையும் கிடையாது.

கடைசியில் கோப்பையைத் தூக்கிய காட்சியை மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியை வைத்து நடித்தே காட்டினேன். கைதட்டல் ஓயவில்லை. அந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம். அன்று கொலிசியமே எழுந்து குதித்தபோது மெடி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எங்கள் டீம் ஜெயித்தும் எனக்கு சந்தோஷமே வரவில்லை. நானும் உட்கார்ந்து என் கைக்குட்டையை நீட்டினேன். எழுந்து பார்ப்பதற்குள் கோப்பை உள்ளே போய்விட்டது. அடுத்த வருஷம் கல்யாணம்.

"வருஷா வருஷம் நீங்கதான்," என்றார் சங்கத்தின் செகரட்டரி. ஒரு சிவப்பு பனியனும் தந்தார். அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஜீப்னி பிடித்து நேராக மரிகினாவில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். மெடி எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வழியில எங்க இறங்கினீங்க?"

"எங்கயும் இறங்கலையே. நேரா வீட்டுக்குத்தான்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. சாவுக்குப் போனவன் நேராக வீட்டுக்கு வரக் கூடாது. வழியில் ஒரு கடையில் நின்று ஒரு பன்னாவது தின்றுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வந்துவிடுவார். எங்கள் ஊரில் பால்குடிக் குழந்தைக்கும் இது தெரியும். ஆனால் நிஜமாகவே யாராவது செத்திருந்தால்தானே ஞாபகம் வரும்?

"என்னங்க இப்படிப் பண்ணிட்டீங்க?" மெடி கன்னத்தில் கை வைத்தாள். "பொன்சோவைக் கூட்டிக்கிட்டு வந்துட்டீங்களே."

"அவன் வரமாட்டான் மெடி. கூச்ச சுபாவம்."

"உயிர் சிநேகிதன் வீட்டுக்கு வரவா கூச்சப்படுவாரு?" எனக்குப் பின்னால் வெற்றிடத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "வாங்க பொன்சோ. உள்ள வாங்க."

அன்று முதல் நாங்கள் மூன்று பேர். சாப்பாட்டு மேஜையில் மூன்று தட்டு. மீன் நடுத்துண்டு பொன்சோவுக்கு. வாலும் தலையும் எனக்கு. "அதுதான் அவன் சாப்பிடலையே, இப்படித் தள்ளு," என்றேன். "விருந்தாளித் தட்டுல கை வைக்காதீங்க," என்று எடுத்துப் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போட்டாள். டிவிக்கு நேரே இருந்த என் சாய்வு நாற்காலியும் பொன்சோவுக்குப் போயிற்று. ஒரு நாள் மறந்து உட்கார்ந்துவிட்டேன். "அவர் மடியில உக்காந்திருக்கீங்க," என்றாள். எழுந்துவிட்டேன்.

அதோடு விட்டாளா? ஆவி சாந்தியடைய ஒன்பது நாள் ஜெபம். தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு. அந்த வாரம் டிவியில் கூடைப்பந்து அரையிறுதிப் போட்டி, அதுவும் ஆறு மணிக்குத்தான். பக்கத்து வீட்டு பெர்பெத்துவா அக்கா தலைமையில் எட்டுப் பெண்கள் ஜெபமாலையோடு வந்துவிடுவார்கள். டிவி மேல் துணி போர்த்தியாகிவிடும். என் முட்டிக்கு ஏற்கெனவே வாதம். ஒன்பது நாள் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, நானே பெற்றெடுத்துச் சாகடித்தவனுக்கு மோட்சம் கேட்டேன். மூன்றாம் நாள் பெர்பெத்துவா அக்கா, "ஜன்னல்கிட்ட ஒரு நிழல் பார்த்தேன். ஒல்லியா, உயரமா," என்றாள். அன்று ராத்திரி எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பலமுறை வாயைத் திறந்தேன். சொன்னால் சேதி ஹெர்மோ கடைக்குப் போகும். மைக் போய்விடும். ஒன்பது நாள்தானே, பொறுத்துக்கொள் பான்யோங் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள். கடைசி ஜெபம் முடிந்தது. சோறும் கறியும் பரிமாறிக்கொண்டே மெடி சொன்னாள்:

"நேத்து பொன்சோ கனவுல வந்தாரு அக்கா."

எட்டுக் கரண்டிகள் அப்படியே நின்றன.

"ஒரு உண்மையைச் சொல்லாம சாந்தி கிடைக்கலையாம். எழுபத்தாறுல இவர் பக்கத்துல உக்காந்திருந்தப்போ, மனசுக்குள்ள தான் டொயோட்டா ரசிகர்னு சொன்னாரு."

"பொய்," என்றேன்.

"செத்தவங்க பொய் சொல்வாங்களாங்க?"

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல. கிரிஸ்பாவுக்கு ரத்தம் கொடுத்தவன்."

"கிரிஸ்பா ஜெயிச்சப்போ உக்காந்து அழுதேன்னாரு."

"பொன்சோவா? பொன்சோ அழுவானா?" எழுந்தே நின்றுவிட்டேன். நீங்கள் சிரிக்கலாம். ஒன்பது நாள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம். என் மீனைத் தின்றவன். அவன் பேரில் சேறு பூசினால் நான் சும்மா இருப்பேனா?

"உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் மனசுக்குள்ள போய்ப் பார்த்தீங்களா?"

"நான் சொல்றேன், அவன் சாகிற வரைக்கும் கிரிஸ்பாதான். ஏன்னா அவனை உண்டாக்கினதே நான். அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல!"

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பெர்பெத்துவா அக்கா தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஒன்பது நாளா நாங்க யாருக்கு ஜெபம் பண்ணினோம்?"

"எனக்குத்தான் அக்கா," என்றாள் மெடி. "அன்னைக்கு இவர் பக்கத்துல உக்காந்து கடலை உரிச்சது நான். அழுததும் நான். என்னைத்தான் கொன்னு பொன்சோன்னு பேர் வச்சிருக்காரு."

பெண்கள் எட்டுப் பேரும் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அவர்கள் போனதும் கேட்டேன்.

"எப்போ தெரியும்?"

"ஹெர்மோ உங்க பேச்சை ஃபேஸ்புக்ல நேரலையாப் போட்டாரே. ஞானஸ்நான வீட்டுல பெரிய டிவியில வச்சு எல்லாரும் பார்த்தோம். அண்ணன் உங்க கோப்பை நடிப்பை ரெண்டு தடவை போடச் சொன்னாரு." தட்டுகளை அடுக்கினாள். "நல்லா பேசினீங்க. நிஜமாவே நல்லா பேசினீங்க. நான் அழுதுட்டேன்."

நாற்பது வருஷத்தில் நான் பேசியதை அவள் முழுசாகக் கேட்டதே அன்றுதான். "மெடி, அடுத்த வருஷம் நிஜத்தையே சொல்லிடறேன். உன் பேரைச் சொல்லியே பேசறேன்," என்றேன்.

"அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். செகரட்டரிகிட்ட அன்னைக்கே போன்ல பேசிட்டேன். கோப்பையை நீங்க பார்க்கலை, என் கண்ணைத் தொடைச்சுக்கிட்டிருந்தீங்கன்னு சொன்னேன். அந்த மனுஷன் போன்லயே விக்கி விக்கி அழுதாரு. இவ்வளவு அழகான கதையை நேர்ல இருந்தவங்கதான் சொல்லணும்னு கேட்டுக்கிட்டாரு. வருஷா வருஷம் இனிமே மைக் எனக்குத்தான். நீங்க வேணும்னா பக்கத்துல பொன்சோவா உக்காந்துக்குங்க."