ஜெஸ்டின் மாஸ்டரின் கோர்னர் கேங்

மூன்றாவது நாளும் அந்த அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். அதே கறுப்புக் குடை, அதே கல்லுக்கட்டு, மடியில் அதே கொப்பி. பதுளை பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்மலைத் தமிழ்க் கல்லூரி மைதானத்துக்கு நேராக நடந்து வந்து, முக்காட்டைச் சரி செய்துகொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பேனையைத் திறந்தார்.

"பாத்தியா? நான் சொல்லல?" என்றார் ஜெஸ்டின் மாஸ்டர். கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் அவர்தான். பெண்கள் உதைபந்தாட்ட அணியின் பயிற்சியாளரும் அவர்தான்.

"யாராச்சும் புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்தவங்களா இருக்கும் சேர்" என்றாள் கோர்னர் அடிக்கும் கிருஷாந்தி.

"புள்ளயக் கூட்டிட்டுப் போக வந்தவங்க எதுக்கு ஒவ்வொரு பந்துக்கும் ஒரு கோடு போடுறாங்க? கொப்பி அட்டையப் பாரு. டவுன் காலேஜ் சின்னம். நம்ம கோர்னரக் களவாடுறதுக்குன்னே ஆள் அனுப்பியிருக்கானுங்க!"

ஜெஸ்டின் மாஸ்டர் கங்காணி யாகோப்புவின் மகன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, வேலை நடக்கிற இடத்தில் கொப்பியோடு ஒருவர் நின்றால் அது நல்லதுக்கல்ல என்பது பால்குடி வயதிலேயே தெரிந்துவிடும். அந்தக் கொப்பியில் எழுதுவது எப்போதும் வேறு யாருக்கோதான் போய்ச் சேரும்.

அவர் பயிற்சி நடத்துவதும் தோட்டத்து முறைதான். மூன்று மணிக்கு மைதானத்தில் பெரட்டு. பேர் கூப்பிட்டு, ஆள் பிரித்து, வேலை கொடுப்பார். கிருஷாந்தி தலைமையில் கோர்னர் கேங், சுதர்ஷினி தலைமையில் பிரீ கிக் கேங், எதிரி அடிக்கும்போது சுவர் மாதிரி நிற்பதற்கு ஒரு கேங். நன்றாக உதைத்தவளுக்கு முழுப்பேர், சொதப்பியவளுக்கு அரைப்பேர். தோட்டத்தில் அம்மாமார் பாதிச் சம்பளத்துக்கு அரைப்பேரோடு வரும் நாட்களில் லயத்து வீடுகளில் என்ன நடக்கும் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆகவே உயிரைக் கொடுத்து உதைப்பார்கள்.

அப்படித்தான் கிருஷாந்தியின் கோர்னர் மாகாணத்திலேயே பேர் வாங்கியது. பந்து வெளியே போவது போலப் போய், கடைசி நேரத்தில் மனம் மாறி உள்ளே வரும்.

உதைக்க ஆள் இருந்தது. பிடிக்கத்தான் ஆள் இல்லை. கோல் காத்த பிள்ளை உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாள். இப்போது அந்த இடத்தில் நிற்பவள் ஜெசீகா. நல்ல உயரம், நீளமான கை, ஆனால் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வாள்.

கல்லூரி அதிபர் சிவஞானம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்.

"அடுத்த வருஷ நிலவரம் என்னன்னு எழுதிக் குடுங்க மாஸ்டர். கோல் காக்க ஒழுங்கான ஆள் இருந்தா போட்டிக்குப் பேர் குடுப்பேன். இல்லன்னா டீமே வேணாம். போன தடவ ஒன்பது கோல் வாங்கிட்டு வந்தத நான் இன்னும் மறக்கல. அடுத்த கிழமை வெள்ளிக்கிழம கடைசி நாள்."

எட்டு வருடம் கட்டி எழுப்பிய அணி. அது போய்விட்டால் ஜெஸ்டின் மாஸ்டருக்கு மிஞ்சுவது ஆறாம் வகுப்புச் சுகாதாரப் பாடம் மட்டும்தான். இந்த நேரத்தில் ஒற்று வேறு!

அவர் பிள்ளைகளை வட்டமாகக் கூட்டி, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னையில இருந்து அந்தம்மா உக்காந்திருக்கிற வரைக்கும் ஒரு பந்தும் கோலுக்குப் போகக் கூடாது."

"வேணும்னே வெளிய அடிக்கிறதா சேர்?" கிருஷாந்திக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஆமா. வெளிய அடிச்சா முழுப்பேரு. உள்ள அடிச்சா அரைப்பேரு."

அதற்குப் பிறகு யாரும் கேள்வி கேட்கவில்லை. சுதர்ஷினி அடித்த பிரீ கிக் கோலுக்கு மேலே, வேலிக்கு மேலே, சவுக்கு மரத்துக்கும் மேலே போய், கீழே தேயிலை மலைக்குள் விழுந்தது. குடைக்குள்ளிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். ஒன்றும் எழுதவில்லை.

"கொழம்பிட்டாங்க!" என்று ஜெஸ்டின் மாஸ்டர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் அவருடைய அப்பாவே கீழே தேயிலை மலையிலிருந்து ஏறி வந்தார். கையில் பந்து.

"ஏண்டா, கீழ ஆளுங்க வேல செய்யிறது கண்ணுக்குத் தெரியலயா? இது இராக்கம்மா கூடைக்குள்ள விழுந்து கெடந்திருக்கு. தராசுல கொழுந்தக் கொட்டினா பந்து வந்து விழுது. நான்தான் நிறை கூட்ட வேணும்னே போட்டேன்னு கணக்கப்புள்ள சண்டைக்கு வர்றான்!"

"ஒரு கிழமதான்ப்பா. இது ஒரு தந்திரம்."

"ஒன் தந்திரத்த ரோட்டுப் பக்கம் வச்சுக்க."

அப்பா சொன்னபடியே மாஸ்டர் பயிற்சியை எதிர்ப் பக்கத்துக் கோலுக்கு மாற்றினார். அதற்குப் பின்னால் பாதை. முதல் பந்தே பண்டாரவளை பஸ்ஸின் கூரையில் ஏறி உட்கார்ந்து, அவர் கூச்சல் போட்டுக்கொண்டு ஓட ஓட, வளைவில் மறைந்துவிட்டது. மறுநாள்தான் அதே பஸ்ஸில் திரும்பி வந்தது. அந்த ஒரு நாள் முழுக்கப் பிள்ளைகள் பந்து இல்லாமலே கோர்னர் அடித்துப் பழகினார்கள்.

அம்மா மட்டும் தவறாமல் வந்தார். அவருடைய கண்ணை மறைக்கச் சுவர்க் கேங்கை அவர் முன்னால் வரிசையாக நிறுத்திப் பார்த்தார் மாஸ்டர். அம்மா பொறுமையாக எழுந்து நாலடி தள்ளி உட்கார்ந்தார். சுவரும் நாலடி தள்ளியது. அவர் மறுபடியும் எழுந்தார். இப்படியே மைதானத்தை அரைச் சுற்றுச் சுற்றி வந்தபோது சுவர்க் கேங்குக்கு வெட்கம் வந்து, அதுவாகவே கலைந்துவிட்டது.

இதற்கிடையில் நிலவர அறிக்கையை எழுத வேண்டியிருந்தது. பொய் எழுத மாஸ்டருக்கு மனம் வரவில்லை. ஆகவே உண்மையை மட்டும் எழுதினார்: 'கோல் காப்பாளர் ஜெசீகா கடந்த ஏழு நாள் பயிற்சியில் ஒரு கோலும் விடவில்லை.'

அதிபர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு கோலுமா?"

"ஒண்ணு கூட இல்ல சேர்."

"அப்படிப்பட்ட புள்ளய நான் பாக்கணுமே!"

மாஸ்டர் இதை எதிர்பார்க்கவில்லை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு அதிபர் கதிரையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். தூறல் போட்டது. வேறு எங்கும் ஒதுங்க இடமில்லாமல், நேரே போய் அந்த அம்மாவின் குடைக்குப் பக்கத்திலேயே கதிரையைப் போட்டார். அம்மா மரியாதையாகக் குடையில் பாதியைக் கொடுத்தார்.

கிருஷாந்தி பந்தை வைத்துவிட்டு மாஸ்டரைப் பார்த்தாள். உள்ளே அடித்தால் ஒற்றுக்குத் தெரிந்துவிடும். வெளியே அடித்தால் அதிபருக்குப் பொறுமை போய்விடும். மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அது என்ன சைகை என்று அவருக்கே தெரியவில்லை. கிருஷாந்தி முழுப்பேருக்கு அடித்தாள்.

பத்துப் பந்து போயிற்று. ஒன்றும் கோல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஜெசீகா கம்பத்தில் சாய்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், அந்தப் புள்ள பந்து புடிக்கிறத நான் எப்பப் பாக்கிறது?" என்று அதிபர் கத்தினார்.

மாஸ்டர் குடைக்கு ஓடினார். "அம்மா, மழை வலுக்கப் போகுது. பதுளை பஸ்ஸும் வர்ற நேரம். இத விட்டா அடுத்தது எப்பன்னு சொல்ல முடியாது."

அம்மா வானத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், ஒரு பெருமூச்சு விட்டார். கொப்பியை மூடிக்கொண்டு எழுந்து போனார். அதிபர் நனையத் தொடங்கினார்.

"இப்ப அடி! உள்ள அடி! உள்ள அடிச்சாத்தான் முழுப்பேரு!" என்று கத்தினார் மாஸ்டர்.

கிருஷாந்தி அடித்தாள். பந்து வேலிக்கு வெளியே போனது. சுதர்ஷினி அடித்தாள். பந்து பாதைக்குப் போனது.

"என்னடி இது?"

"கால் பழகிருச்சு சேர்" என்றாள் கிருஷாந்தி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. "நேரா அடிக்கணும்னுதான் நெனைக்கிறேன். அதுவா அங்கிட்டுப் போகுது."

கடைசியில் ஒரே ஒரு பந்து, உதைத்தவளின் காலில் சரியாகப் படாத காரணத்தால், சேற்றில் உருண்டு உருண்டு கோலை நோக்கி வந்தது. குழந்தை கூடக் குனிந்து எடுத்துவிடும். ஜெசீகா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பந்து அவள் கால்களுக்கு நடுவே மெதுவாகப் போய் வலையில் நின்றது. அதிபர் கதிரையை மடக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை அதிபர் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பினார். போட்டிக்குப் பேர் கொடுக்கும் படிவம் மேசையில் வெறுமையாகக் கிடந்தது.

"எனக்கும் ஆசதான் மாஸ்டர். இந்தப் புள்ளைங்களுக்கு வேற என்ன இருக்கு? கோர்னர் கோணலாப் போனா பரவாயில்ல, ஒரு மாசத்துல நீங்க நிமித்திருவீங்க. கோலுக்கு ஒரு ஆளக் காட்டுங்க. பன்னெண்டு மணிக்குள்ள காட்டினாக் கூட கையெழுத்துப் போடுறேன்."

பன்னிரண்டு மணிக்குள் கோல் காப்பாளர் எங்கிருந்து முளைப்பார்? வெளியே வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்று அவர் முகத்தையே பார்த்தார்கள். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சொல்லப் போனால், அவருக்கும் அழவேண்டும் போலத்தான் இருந்தது.

அப்போதுதான் கந்தோர் வாசலிலிருந்து கறுப்புக் குடை ஒன்று கேட்டை நோக்கிப் போவதைக் கண்டார். அந்த அம்மாவேதான். நடையில் ஒரு சோர்வு தெரிந்தது. ஜெஸ்டின் மாஸ்டருக்கு அத்தனை துக்கத்திலும் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. டீம் போனாலும் போகட்டும், டவுன் காலேஜின் கையில் நம்முடைய கோர்னர் கிடைக்கவில்லை.

கந்தோருக்குள் எட்டிப் பார்த்தார். கிளார்க் செசிலி மிஸ் ஏதோ ஒரு படிவத்தைக் குறுக்கே கிழித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா மிஸ்? ரெண்டு கிழமையா வேவு பாத்தும் ஒண்ணும் கெடைக்காம வெறுங்கையோட போறாங்க!"

செசிலி மிஸ் கிழித்த படிவத்தைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"வேவா? அவங்க டவுன் டீம்ல கோல் காக்கிற பர்ஸானாவோட உம்மா சேர். வீடு இந்தப் பக்கம் மாறி வந்ததால மகள இங்க சேக்கத்தான் ஃபோரம் வாங்கியிருந்தாங்க, 'பந்தே வராத கோல்ல எங்கட புள்ள நின்டு என்னத்தப் புடிக்கிற'ன்னு சொல்லி இப்பத்தான் திருப்பிக் குடுத்துட்டுப் போறாங்க."