நான் கூழ் சார் ஆன கதை

டின்னில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்குக் குழந்தைக்கு ஊட்டவும் தெரியும் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். நான் கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். என் மனைவி வசந்தி மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு டீச்சர். மகள் கவிதாவுக்கு நாலு மாதம். தாய்ப்பால் தவிர வேறெதையும் வாயில் வைத்தறியாதவள். வசந்தியின் பிரசவ லீவு முடிய ஒரு வாரம் இருந்தபோது அந்தக் கேள்வி எழுந்தது. பகலில் பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

பொழிச்சலூரிலிருந்து என் அக்கா ஒரு பால் பவுடர் டின்னோடும் புட்டியோடும் வந்தாள்.

"டின் பால்தான்டா சேகர். என் ரெண்டு பிள்ளைங்களும் இதுலதான் வளர்ந்துச்சு. எப்படி இருக்குன்னு நீயே பாரு."

(பார்த்தேன். பெரியவன் எங்கள் நாற்காலியின் ரெக்சினைக் கடித்துக்கொண்டிருந்தான்.)

மறுநாள் குன்றத்தூரிலிருந்து மாமியார் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா.

"டின் பால் சூடு மாப்பிள்ளை. வயிறு உப்பிக்கும். கேழ்வரகை முளைகட்டி, காயவச்சு, அரைச்சு சலிச்சுக் கொண்டாந்திருக்கேன். தண்ணியாக் காய்ச்சி ரெண்டு ஸ்பூன் ஊட்டுங்க. வசந்தியை நான் மூணாம் மாசத்துலேயே இதுலதான் வளர்த்தேன்."

மாமனாருக்குக் கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருந்ததால் மாமியார் எங்களோடு வந்து தங்க இன்னும் இரண்டு வாரம் ஆகும். அதுவரை நான் லீவு போட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். நான் அக்காவிடம் "டின்தான்க்கா" என்றேன். மாமியாரிடம் "கூழ்தான் அத்தை" என்றேன். இரண்டு பேரும் சந்தோஷமாகப் போனார்கள். பிறகு ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் டின், ஒரு பக்கம் கேழ்வரகு என்று நல்லது கெட்டது எழுத ஆரம்பித்தேன். வசந்தி துணி மடித்துக்கொண்டே என்னவோ சொன்னாள். டாக்டர், பாலாடை என்று ஏதோ காதில் விழுந்தது. "ம்" என்றேன். அப்போது நான் டின் காகிதத்தில் பதினோராவது வரியில் இருந்தேன்.

திங்கட்கிழமை வந்தது. வசந்தி பிள்ளைக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, வாசல் வரை போய் மூன்று முறை திரும்பி வந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் வேறு. தலைமையாசிரியை நேரமே வரச் சொல்லியிருந்தார்.

"என்னங்க, சமாளிச்சுடுவீங்களா?"

"ஐந்நூறு வகை ஸ்பேர் பார்ட்ஸை ஒண்டியா சமாளிக்கிறேன். இது ஒரே ஒரு ஐட்டம்."

அந்த ஐட்டம் பத்தே முக்காலுக்குக் கண் விழித்தது.

முதலில் டின். காகிதத்தில் போட்டிருந்த அளவுப்படி கலக்கி, புட்டியைக் குலுக்கி, வாயில் வைத்தேன். கவிதா ரப்பரை நாக்கால் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். முன்பின் தெரியாத ஆள் பஸ்ஸில் தோளில் சாய்ந்து தூங்கினால் பார்ப்போமே, அந்தப் பார்வை. பவுடர் கட்டிதட்டி ரப்பர் ஓட்டை அடைத்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஊசியைச் சூடு பண்ணி ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கினேன். (கொஞ்சம் என்பது என் கணக்கு.) மறுபடி வைத்தபோது பால் கொட்டி அவள் கழுத்து, சட்டை, என் மடி எல்லாம் நனைந்தது. இரண்டு முறை இருமிவிட்டு வீறிட ஆரம்பித்தாள்.

சரி, கூழ். ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். அது தண்ணியாக இருக்கவில்லை. சுவரில் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் வைத்திருப்பார்களே, அந்தப் பதத்துக்கு வந்தது. ஆறவைத்து ஒரு ஸ்பூன் வைத்தேன். துப்பினாள். இன்னொன்று வைத்தேன். கையால் தட்டிவிட்டாள். பத்து நிமிஷத்தில் அவள் முகம், என் சட்டையின் முன்பக்கம், என் காது மடல், எல்லா இடத்திலும் கூழ் இருந்தது. அவள் வயிற்றைத் தவிர.

அழுகை ஏறிக்கொண்டே போனது. குரல் கம்மிப்போய், முகம் சிவந்து, உடம்பை விறைத்துக்கொண்டு அழுதாள். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு எதுவும் வரவில்லை. நாலு மாதப் பிள்ளைக்கு ஒரு வாய் கொடுக்கத் தெரியாத அப்பன் நான் ஒருத்தன்தான் என்று தோன்றியது. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு, கதவைப் பூட்டினேனா என்றுகூடப் பார்க்காமல் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு ஓடித் தாம்பரம் பஸ்ஸில் ஏறினேன்.

ஏறிய பிறகுதான் லுங்கியோடு வந்திருப்பது தெரிந்தது.

"இன்னா சார், கொழந்த இப்படி அழுதுகினு கீது? பசிக்குதா இன்னா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க."

"அம்மா எங்க சார்?"

"ஸ்கூல்ல."

அவர் என் லுங்கியைப் பார்த்தார். "படிக்கிறாங்களா?"

முன் சீட்டில் ஒரு அம்மாள் சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் டின் பால் என்றார். பின்னாலிருந்து ஒரு குரல், "டின் பாலெல்லாம் வேணாம், கேவுரு கூழ் குடுங்க" என்றது. பஸ் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. என் நோட்டில் முடியாத விவாதம் அங்கேயும் முடியவில்லை. அதற்குள் தாம்பரம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் தடுத்தார். நான் நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்பு எந்தப் பக்கம் என்று தெரியும். வாசலில் போய் நின்றேன்.

உள்ளே வசந்தி கரும்பலகையில் பின்னக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, மடியில் ஃபைலோடு ஒரு அம்மையார். கண்ணாடி, நரைத்த தலை, கஞ்சி போட்ட காட்டன் புடவை. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த கல்வி அதிகாரி. பக்கத்தில் தலைமையாசிரியை நின்றுகொண்டிருந்தார். நாற்பது பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டை முழுக்கப் பழுப்பு நிறத்தில் வழிய ஒருவன், கையில் அலறும் குழந்தை.

முதல் பெஞ்சில் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்த பெஞ்சும் பொத்தியது. "டீச்சர், பாப்பா ஆய் போயிடுச்சு" என்று ஒரு பையன் பொறுப்பாக அறிவித்தான்.

என் மகளின் மானம் எனக்குப் பெரிதாகப் பட்டது. "இல்லை, இல்லை. இது கூழ்" என்று வகுப்பு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

வசந்தி கையில் சாக்பீஸோடு அப்படியே நின்றாள். அதிகாரி அம்மா எழுந்து வந்தார். தலைமையாசிரியை என்னவோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அவரைக் கையமர்த்திவிட்டு அதிகாரி அம்மா என்னைக் கேட்டார்.

"யாருக்குக் கூழ்?"

"குழந்தைக்கு மேடம்."

"எத்தனை மாசம்?"

"நாலு."

அவர் குழந்தையை என் கையிலிருந்து வாங்கி, தன் புடவையில் கூழ் ஒட்டுவதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, வசந்தியிடம் கொடுத்தார். "ஸ்டாஃப் ரூமுக்குப் போம்மா. பசியாத்திட்டு வா. அவசரமில்லை."

வசந்தி போனாள். நானும் பின்னாலேயே நழுவப் பார்த்தேன்.

"நீங்க எங்கே போறீங்க? பாடம் பாதியில நிக்குது. டீச்சர் வர்ற வரைக்கும் நீங்க எடுங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

தமாஷ் செய்கிறாரா என்று பார்த்தேன். முகத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சாக்பீஸை எடுத்தேன். பின்னம் பற்றி எனக்கு நினைவிருந்ததெல்லாம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்பதுதான். ஏதாவது எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும். காலையிலிருந்து என் தலையில் இருந்தது ஒரே விஷயம்.

"ஒரு கரண்டி கேழ்வரகு மாவு, ரெண்டு கரண்டி தண்ணி. மொத்தத்துல மாவு எவ்வளவு பங்கு?"

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், அது கூழ் இல்ல சார். களி."

வகுப்பு சிரித்தது. ஃபைலுக்குப் பின்னால் அதிகாரி அம்மாவின் தோள் குலுங்குவதையும் பார்த்தேன்.

கால் மணி நேரம் கழித்து வசந்தி வந்தாள். தோளில் கவிதா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி அம்மா மெல்லிய குரலில் கேட்டார்.

"நீ என்னம்மா நினைச்சிருந்தே? டின்னா, கூழா?"

"ரெண்டும் இல்லை மேடம். ஆறு மாசம் வரைக்கும் அவசரப்பட வேண்டாம், பாலை எடுத்து வச்சிட்டுப் போனா பாலாடைக் கிண்ணத்துல ஊட்டலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. நானும் வீட்டுல சொன்னேன்." குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றினாள். "இவர் படிச்சிட்டு இருந்தார்."

நான் கரும்பலகையில் எழுதியதை அழிக்க ஆரம்பித்தேன்.

அதிகாரி அம்மா சொன்னதன் பேரில் தலைமையாசிரியை ஒரு வழி செய்தார். பள்ளிக்கூடத்து ஆயா எஸ்தர் அக்காவின் வீடு சுவருக்கு அந்தப் பக்கம்தான். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவர் மகளும் இருந்தாள். கவிதா தினமும் காலையில் அம்மாவோடு அங்கே போனாள். இன்டர்வெல்லிலும் சாப்பாட்டு நேரத்திலும் வசந்தி போய்ப் பால் கொடுத்தாள். நடுவில் அழுதால் பாலாடை. ஆறு மாதம் முடிந்ததும் மாமியார் தன் கையால் கூழ் காய்ச்சினார். கவிதா சப்புக்கொட்டிக்கொண்டு சாப்பிட்டாள். நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுப்படிக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த நாற்பது பிள்ளைகள் வளர்ந்து தாம்பரம் முழுக்கப் பரவிவிட்டார்கள். மார்க்கெட்டில், ரயில்வே ஸ்டேஷனில், ஒருமுறை பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருக்கும்போது, "நீங்க கூழ் சார்தானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது, கவிதா இந்தக் கதையைச் சொல்லும் விதம். நாலு மாதத்தில் நடந்தது அவளுக்கு எப்படி நினைவிருக்கும்? ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் கண்ணால் பார்த்தது போலச் சொல்கிறாள். ஆரம்பத்தில் லுங்கி இருந்தது. அவள் கல்லூரிக்குப் போன காலத்தில் அது அவிழ்கிற நிலைக்கு வந்தது. போன மாதம் அவள் மாமனார் வீட்டார் வந்திருந்தபோது சொன்ன கதையில் லுங்கியே இல்லை.

"ஏய், லுங்கி கட்டியிருந்தேன்டி" என்றேன். எல்லோரும் வசந்தியைத் திரும்பிப் பார்த்தார்கள். நேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

வசந்தி காபி டம்ளர்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினாள்.

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.