சாயாமல் திரும்பாதாம், மச்சான்

சதுரங்கப்பட்டினம்,
பிப்ரவரி 1954

பினாங்கில் கடை நடத்தும் என் மதிப்புக்குரிய மச்சான் அப்துல் கையூம் அவர்களுக்கு, ஷேக் தாவூத் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. உங்கள் தங்கை அமீனா பீவியும் எங்கள் மகள் சைதூனும் ஆண்டவன் கிருபையால் சுகம். நானும் சுகம், வலது முழங்காலைத் தவிர. அதற்குக் காரணம் உங்கள் மகன் முனீர்.

சைதூனை முனீருக்குக் கேட்டு நீங்கள் எழுதியதற்கு, விமானம் ஓட்டுகிறவனுக்குப் பெண் தரமாட்டேன் என்று பதில் போட்டவன் நான்தான். ஆயுசு முழுக்கக் கால்வாயில் உப்புப் படகு விட்டவனுக்கு வேறென்ன தோன்றும்? படகு சாய்ந்தால் கவிழப்போகிறது என்று அர்த்தம். ஏறியிருப்பவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் நகரவேண்டும். திருப்புவதற்குச் சுக்கான் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் விமானம் ஓட்டும் முனீரோ மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்துக்கு மேலே வரும்போதெல்லாம் ஒரு இறக்கையைக் கீழே போட்டு, மற்றதை வானத்துக்குத் தூக்கித்தான் திரும்புகிறான். கவிழப்போகிறான் என்று நான் கீழே நின்று கத்துவேன். ஒழுங்காகத் திரும்பத் தெரியாதவன் குடும்பத்தை எப்படி நடத்துவான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. "மாமா, ஒரு வாட்டி ஏறிப் பாருங்க. அப்பால பொண்ணு இல்லன்னாலும் சரி" என்றான். மீனம்பாக்கத்துக்கு அழைத்துப்போய், இரண்டு பேர் உட்காரும் கூரையில்லாத விமானத்தில் என்னை முன்னால் உட்காரவைத்து வாரால் கட்டினான். பின்னால் அவன். பேச ஒரு குழாய். கலங்கரை விளக்கம் வந்தது, இடது இறக்கை இறங்கியது. யா அல்லாஹ் என்று வலப்பக்கம் பாய்ந்தேன். வார் விடவில்லை, முழங்கால் இரும்பில் மோதியது. "எல்லாரும் அந்தப் பக்கம் நகருங்க!" என்று குழாயில் கத்தினேனாம். இருந்ததே நாங்கள் இரண்டு பேர்.

"மாமா, இன்னா பண்றீங்க? இது படகு இல்ல!" என்று சிரித்தான். "சரி, உங்க இஷ்டப்படி சுக்கான மட்டும் திருப்புறேன், பாத்துகினே இருங்க." வாலில் ஒரு சுக்கான் இருக்கிறதாம். மூக்கு இடப்பக்கம் திரும்பியது. ஆனால் விமானம் சேற்றில் வழுக்குகிறவன் மாதிரி பழைய வழியிலேயே சறுக்கியது. காற்று என் வலது கன்னத்தில் அறைந்தது.

"பாத்தீங்களா? தண்ணி படகோட பக்கத்த நல்லா தள்ளும். காத்து அவ்ளோ தள்ளாது. நம்மளத் தூக்கிகினு கீறது றெக்கை. அத்த சாச்சா, தூக்குற வலுவுல கொஞ்சம் பக்கத்துல இழுக்கும், அதான் திருப்புது. அப்போ மேல தூக்குறது கொறையும், அதுக்கு மூக்க லேசா நிமித்திக்கணும். சுக்கான் சறுக்காம இருக்கத்தான்."

சொல்லிக்கொண்டே சாய்த்தான். இம்முறை காற்று நேராக முகத்தில் வந்தது. உடம்பு எந்தப் பக்கமும் சரியவில்லை. யாரோ தோளைப் பிடித்து உட்காரவைத்ததுபோல் கொஞ்சம் கனத்தது, அவ்வளவுதான். கோயிலும் கடலும் எங்கள் கால்வாயும் எனக்குக் கீழே மெதுவாகச் சுற்றின. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது மச்சான். என்ன பிள்ளை பெற்றிருக்கிறீர்கள்! அந்தக் கைக்கு நகையே போடலாம்.

ஆகையால் சைதூனை முனீருக்குத் தர மனப்பூர்வமாகச் சம்மதம். விமானத்தைவிடப் பத்திரமான வாகனம் உலகத்தில் இல்லை. யோசிக்காமல் நிக்காஹுக்குக் கப்பல் ஏறுங்கள். உங்கள் கடை செழிக்கவும் வீட்டார் நோய்நொடியின்றி இருக்கவும் துஆ செய்யும்,

ஷேக் தாவூத்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் சைதூனிடம், மாப்பிள்ளை உனக்குத் தரவேண்டிய மஹராக என்ன கேட்கட்டும் என்றேன். "நகை வாணாம் அத்தா. அவரு எனக்கு ஏரோப்ளேன் ஓட்டக் கத்துக் குடுக்கட்டும், அதான் என் மஹர்" என்கிறாள். இமாமிடம் ஓடினேன், கற்றுக்கொடுப்பதும் மஹராகும் என்கிறார். நான் வாயைத் திறக்குமுன், என்னை வீட்டில் விட வந்திருந்த உங்கள் மகன் சரி சொல்லிவிட்டான். மேலே பத்திரம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மறுக்கச் சொல்லி அவனுக்கு உடனே தந்தி கொடுங்கள். ஆனால் அவன் மறுத்தால் கல்யாணமே வேண்டாமாம் அவளுக்கு. தந்தி வேண்டாம், மச்சான். நீங்களே சீக்கிரம் வாருங்கள். அவள் முதல்முறை மேலே போகிற அன்று என்னால் தனியாக நின்று பார்க்க முடியாது.