அங்காயிக் கரடியின் தோப்புக்கரணம்

ஒரு காட்டில் அங்காயி என்றொரு கரடி இருந்தாள். காடு என்றதும் சிங்கம் கர்ஜிக்கும், முயல் ஓடும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அதெல்லாம் அந்தக் காலம். இப்போது அந்தக் காட்டில் டாக்டரைப் பார்க்க டோக்கன் வாங்க வேண்டும், ஆற்றில் தண்ணீர் குடிக்க வரிசையில் நிற்க வேண்டும், யார் வீட்டில் என்ன குழம்பு என்பது கைப்பேசிக் குழுவில் வந்துவிடும். முன்னேற்றம் என்றால் சும்மாவா?

அங்காயிக்கு வயதாகிவிட்டது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மலைமேல் இருந்த குகையில் தனியாக இருந்தாள். காற்றோட்டமான குகை. வாசலில் நின்றால் காடு முழுக்கத் தெரியும். யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்கலாம், யாரையும் கேட்காமல் தேன் தின்னலாம். அவளுக்கு இருந்த ஒரே சொத்து அதுதான், ஒரே சந்தோஷமும் அதுதான்.

ஒருநாள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து கறையான் தின்றாள். தின்று முடித்து எழப் பார்த்தாள். முடியவில்லை. கையை ஊன்றினாள், வழுக்கியது. மரத்தைப் பிடிக்கலாம் என்றால் மரம் எட்டவில்லை. அந்த வழியாக வந்த அவள் அண்ணன் மகன் செல்லக்குமார்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்குவதற்கு முன்னால் மறக்காமல் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டான். 'அத்தைக்கு உதவிய தருணம்' என்று கீழே எழுதியும் இருந்தான்.

"அத்தை, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா, பேசாம எங்கூட்டுக்கு வந்தரோணும். தனியா இருக்கற வயசுங்களா இது?" என்றான்.

சேறு அப்பிய பின்புறத்தோடு நின்ற அங்காயி, இருந்த வெட்கத்தில் "சரி சாமி" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்ன வார்த்தையின் கனம் புரிந்தது. செல்லக்குமார் நல்ல பையன்தான், அவன் ஆசைகளும் நல்ல ஆசைகள்தான். போன மாதமே குகையின் நீள அகலத்தை அடி வைத்து அளந்து பார்த்தான். 'மலை உச்சியில் தங்கும் விடுதி, காலையில் பனி, வரும்போது தேன் இலவசம்' என்று பலகைகூட எழுதி வைத்திருந்தான். அவன் வீட்டில் அத்தைக்கு ஒதுக்கிய இடம் புழக்கடையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில். இன்னொரு தடவை எழ முடியாமல் போனால் குகை போச்சு. அன்று ராத்திரி அங்காயிக்குக் கறையான் செரிக்கவே இல்லை.

மறுநாள் டாக்டரிடம் போனாள். டாக்டர் ஓர் ஆந்தை. அந்தி சாய்ந்த பிறகுதான் வைத்தியம் பார்ப்பார். வரிசையில் முள்ளம்பன்றிக்குப் பின்னால் நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லாததால் அங்காயிக்குச் சீக்கிரமே இடம் கிடைத்தது.

"முட்டிக்கு ஒரு மாத்திரை எழுதுங்க டாக்டர்" என்றாள்.

"மாத்திரையெல்லாம் வேண்டாமுங்க. முட்டி நல்லாத்தான் இருக்குது. தொடையிலதான் சதையில்ல. தினமும் ஒக்காந்து ஒக்காந்து எந்திரிங்க. மொதல்ல பாறையில ஒக்காருங்க, பொறவு தாழ ஒக்காருங்க. அது பழகுனதுக்கப்புறம் கல்லுத் தூக்குங்க. சிறுசுல ஆரம்பிச்சு கொஞ்சங்கொஞ்சமாப் பெருசு."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதானுங்க. வயசுப் பிள்ளைங்க தூக்காட்டியும் நிப்பாங்க. நம்ம தூக்குனாத்தான் நிக்க முடியும்."

அங்காயிக்கு நம்பிக்கை வந்தது. ஆனால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று டாக்டர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இத்தனை கூத்தும் அதனால்தான் வந்தது.

விடிந்ததும் குகை வாசலில் ஆரம்பித்தாள். கையை இடுப்பில் வைத்து உட்கார்ந்தாள், பின்னால் சாய்ந்தாள். கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்தாள், முன்னால் கவிழ்ந்தாள். அவளுக்குத் தெரிந்த உட்கார்ந்து எழுதல் ஒன்றே ஒன்றுதான். சின்ன வயதில் பிள்ளையார் முன்னால் கற்றது. கைகள் தாமாகவே மேலே போயின. இடது கை வலது காதைப் பிடித்தது, வலது கை இடது காதைப் பிடித்தது. உட்கார்ந்தாள், எழுந்தாள். ஆடவில்லை, அசையவில்லை. 'அட, இதுக்குத்தான் பெரியவங்க காதைப் பிடிக்கச் சொன்னாங்களா!' என்று அவளுக்கே ஆச்சரியம்.

மரக்கிளையில் இருந்த மைனா மரகதத்துக்கு அதைவிட ஆச்சரியம். மரகதம் என்றால் காட்டுக்கே தெரியும். அவள் வாயில் விழுந்த சேதி ஊர் சுற்றாமல் திரும்பாது. சுற்றுமுற்றும் பார்த்தாள். பிள்ளையார் இல்லை, கோயில் இல்லை, விளக்கு இல்லை. சாமி இல்லாமல் ஒருத்தி தோப்புக்கரணம் போட்டால் அதற்கு என்ன அர்த்தம்? தப்புச் செய்திருக்கிறாள் என்றுதானே!

அரை நாழிகையில் குழுவில் கேள்வி வந்துவிட்டது: 'அங்காயக்கா என்ன தப்புப் பண்ணுச்சு?' கீழே ஆளாளுக்கு அளந்தார்கள். கீரி, 'நான் அப்பவே நெனைச்சேன்' என்றது. நரி, 'எனக்குத் தெரியும், ஆனா என் வாயால சொல்ல மாட்டேன்' என்றது. ஒன்றும் தெரியாதவன் சொல்லும் இந்த வாக்கியத்துக்கு இருக்கிற மதிப்பு, எல்லாம் தெரிந்தவன் சொல்லும் எதற்கும் கிடையாது.

அங்காயிக்குக் கைப்பேசி பார்க்கத் தெரியாது. அவள் பாட்டுக்குப் பத்தை இருபதாக்கினாள், இருபதை முப்பதாக்கினாள். டாக்டர் கூட்டச் சொன்னார், கூட்டினாள். ஊர் வேறு கணக்குப் போட்டது. தோப்புக்கரணம் கூடுகிறது என்றால் தப்புப் பெரிதாகிக்கொண்டே போகிறது!

மரகதமே நேரில் வந்தாள். "அக்கா, நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். என்னதான் பண்ணுனீங்க?"

"முட்டிக்கு வலு வேணுமல்ல கண்ணு, அதுக்குத்தான்" என்றாள் அங்காயி, காதை விடாமல்.

மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டே பறந்துபோய், 'வெளிய சொல்ல முடியாத தப்பு போலிருக்குது, பாவம்' என்று குழுவில் போட்டாள்.

இதற்கிடையில் ஒருநாள் அங்காயி ஆற்றங்கரையில் வேண்டுமென்றே தரையில் உட்கார்ந்து பார்த்தாள். மரத்தைப் பிடிக்கவில்லை, கையை ஊன்றவில்லை. எழுந்து நின்றுவிட்டாள். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. சுற்றி யாரும் இல்லாததால் நன்றாகவே அழுதாள். பிறகு மறுபடி உட்கார்ந்து எழுந்தாள், சும்மா, ஆசைக்கு.

அடுத்தது கல். சின்னக் கற்களைத் தூக்கிப் பழகிவிட்டு, மலையடியில் கிடந்த உருண்டைக் கல்லுக்கு வந்தாள். அது இளவட்டக்கல். பெண் கேட்டு வருகிற கரடி அதைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டால்தான் பெண் கொடுப்பார்கள். அங்காயியின் வீட்டுக்காரர் அதை முழங்கால்வரை தூக்கிவிட்டு, "மிச்சத்தைக் கல்யாணத்துக்கப்புறம் தூக்கறனுங்க" என்று சொல்லித் தப்பித்தவர். கடைசிவரை தூக்கவில்லை. அங்காயி அதை நெஞ்சுவரை தூக்கினாள். 'பாருங்க மாமா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

மரகதமும் பார்த்தாள். அன்று சாயங்காலம் குழுவே குலுங்கியது. 'அங்காயக்கா இளவட்டக்கல்லைத் தூக்குது! கல்யாண ஆசை வந்துருச்சு! அதான் அத்தனை தோப்புக்கரணம்!' இத்தனை நாள் புரியாதது எல்லோருக்கும் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. மாப்பிள்ளை யார் என்பது மட்டும் புரியவில்லை. தனிக்கட்டையாக இருந்த கிழட்டுக் காட்டெருமை அன்றைக்கு இரண்டு தடவை குளித்தது.

செல்லக்குமாருக்குத் தலை சுற்றியது. அத்தைக்கு மாப்பிள்ளை வந்தால் குகை யாருக்கு? விடுதி என்னாவது? பலகை வேறு எழுதியாகிவிட்டது. நேராகத் தலைவர் யானையிடம் ஓடினான். மறுநாள் நண்பகலில் ஆலமரத்தடியில் பஞ்சாயத்து கூடியது.

தலைவர் யானை நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தலைவரம்மா, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. வீட்டில் ஏதோ சண்டை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"அம்மிணி, எதுக்குத் தோப்புக்கரணம்? எதுக்குக் கல்லு? உள்ளதைச் சொல்லிப்போடு" என்றார் தலைவர்.

"உள்ளதுதானுங்க. கால்ல வலு வேணும், அதுக்குத்தான் எல்லாம். டாக்டர்தான் சொன்னாருங்க. வேணும்னா அவரையே கேளுங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். டாக்டர் மேல்கிளையில்தான் இருந்தார். ஆனால் நேரம் நண்பகல். ஆந்தை நன்றாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

கூட்டம் சிரித்தது. "போற வயசுல வலு எதுக்கு?" என்றது கீரி. செல்லக்குமார் முன்னால் வந்து தோளில் கிடந்த துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டான்.

"தலைவரே, எங்கத்தை எந்தத் தப்பும் பண்ணியிருக்காதுங்க. இது அறிவு பெசகுன கேசுங்க. தனியா இருந்து இருந்து இப்படி ஆயிருச்சு. நான் கூட்டிட்டுப் போயர்றேன். கண்ணுல வெச்சுக் காப்பாத்தறேன். குகையையும் நானே பார்த்துக்கறேன்."

கூட்டம் தலையாட்டியது. பாசமுள்ள பிள்ளை என்று நாலு பேர் சொன்னார்கள். அங்காயி கணக்குப் போட்டுப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் புத்தி கெட்டவள், நேராகத் துவைக்கிற கல்லுக்குப் போக வேண்டும். இத்தனை நாள் பிடித்த காதும் தூக்கிய கல்லும் வீண். அவளுக்கு அழுகை முட்டியது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போது தலைவர் தொண்டையைக் கனைத்தார். "இன்னொரு சங்கதி இருக்குது. எங்கூட்டுப் பின்னால பழுத்துக் கெடந்த பலாப்பழத்தைக் காணோம். முழுப் பழம். அம்மிணி, நீ போட்ட தோப்புக்கரணம் அதுக்கு ஏதாச்சும்..." என்று இழுத்தார். தலைவரம்மா அவரையே முறைத்தாள்.

கரடி மூக்குக்கு முன்னால் எதையும் ஒளிக்க முடியாது. தலைவர் வாயைத் திறந்ததுமே அங்காயிக்கு வாசம் வந்துவிட்டது. பலாச்சுளை வாசம். அதுவும் பழைய வாசமில்லை, காலையில் தின்ற மிச்சத்தின் வாசம். தலைவருக்குச் சர்க்கரை நோய். இனிப்பைக் கண்ணாலும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது காட்டுக்கே தெரியும். அங்காயி தலைவரைப் பார்த்தாள். தலைவர் ஆலமரத்தைப் பார்த்தார். தும்பிக்கையால் மெதுவாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

அங்காயி பிறந்ததிலிருந்து அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. தேனீக்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லும், அது கிடக்கட்டும். ஒரு நிமிஷம் யோசித்தாள். குகை வாசலும் அங்கே அடிக்கிற காற்றும் நினைவுக்கு வந்தன. திருடியைப் புத்தி கெட்டவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வீட்டில் சேர்க்கவும் மாட்டார்கள்.

"நாந்தானுங்க எடுத்தேன்" என்றாள்.

கூட்டம் வாயைப் பிளந்தது. தலைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தியா? பார்த்தியா?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "ஒரு வாரமா என்னை என்ன பேச்சுப் பேசுன!"

தலைவரம்மா முகம் இளகிப்போனது. "உங்களைப் போயிச் சந்தேகப்பட்டேனே, பாவி நான்" என்று அவர் காதருகே வந்த ஈயை ஓட்டிவிட்டாள்.

"அப்ப அந்தக் கல்லு?" என்று மரகதம் விடாமல் கேட்டாள்.

"பலாப்பழம் தூக்கப் பழகுனனுங்க" என்றாள் அங்காயி. ஒரு பொய்க்கு வழிவிட்டால் அடுத்தது தானாக வந்துவிடுகிறது.

எல்லோருக்கும் மனம் நிறைந்தது. குற்றம் கிடைத்தது, குற்றவாளி கிடைத்தாள், கல்லுக்கும் காரணம் கிடைத்தது. கல்யாணம் இல்லை என்பதில்தான் கொஞ்சம் வருத்தம். காட்டெருமை எழுந்து போய்விட்டது.

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பஞ்சாயத்துத் தீர்ப்பு. ஆயுசு முழுக்க தினமும் தோப்புக்கரணம் போடோணும். அபராதமாக் கல்லும் தூக்கோணும். இந்த மாதிரி ஆளுங்களை ஊருக்குள்ள சேர்க்கக்கூடாது. அதனால மலைமேல இருக்கற குகைய விட்டு வேற ஊட்டுக்குக் குடி போகவே கூடாது."

"தலைவரே, வயசானதுங்க!" என்று செல்லக்குமார் பதறினான். "ஒத்தையில எப்படிங்க இருக்கும்? ஒரு தொணை வேண்டாமுங்களா?"

"ஏண்டா, முழுப் பலாப்பழத்தைத் தூக்கிட்டு மலையேறுன உடம்புக்குத் தொணை எதுக்குடா?" என்றார் தலைவர்.

செல்லக்குமார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தான். தீர்ப்பை அங்கேயே தொடங்கச் சொன்னார்கள். அங்காயி காதைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். கூட்டம் சத்தமாக எண்ணியது. கொஞ்ச நேரத்தில் எண்ணியவர்களுக்கு மூச்சு வாங்கி ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள். அங்காயி மட்டும் எழுந்துகொண்டே இருந்தாள். முடித்துவிட்டு, தலையைக் குனிந்து, ரொம்பவும் வருந்துகிறவள்போல மலையேறினாள். முதல் வளைவு தாண்டியதும் சிரித்த சிரிப்பில் இரண்டு குருவி பறந்தது.

தண்டனைக் கைதியை யாரும் பார்க்க வரவில்லை. வீட்டுக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. இதைவிட வயதான காலத்தில் என்ன வேண்டும்?

அடுத்த பலாப் பருவத்துக்கு முன்னால், கருப்பண்ணன் என்ற கிழக் கடமான் ஒருநாள் அங்குமிங்கும் பார்த்தபடி மலையேறி வந்தது. ஏறுவதற்குள் நாலு இடத்தில் உட்கார்ந்து எழ முடியாமல் தவித்திருந்தது.

"அங்காயி, மருமக எங்கூட்டுல வந்து கெடங்கன்றா. நானும் டாக்டரைப் பார்த்தேன். ஒக்காந்து எந்திரிங்கன்னுட்டாரு. பண்ணுனா ஊரு சும்மா உடுமா? எனக்கும் ஒரு திருட்டு இருந்தாச் சொல்லேன்" என்றது.

அங்காயி கல்லைக் கீழே வைத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் தலைவர் வீட்டுத் தோட்டத்தை நோக்கி மூக்கைத் தூக்கி, நன்றாக இழுத்து மோந்து பார்த்தாள்.

"வாழைத்தார் ஒண்ணு இப்பத்தான் காணாமப் போயிட்டு இருக்குதுங்ண்ணா. பாதி தின்னாச்சு. சீக்கிரமா எறங்கிப் போயி ஒத்துக்குங்க, வேற யாராச்சும் முந்திக்கப் போறாங்க!"

நீதி: முதுமையில் கால் ஊன்றி நிற்க உடற்பயிற்சி மட்டும் போதாது, ஒப்புக்கொள்ள ஒரு குற்றமும் வேண்டும். அது தீர்ப்புச் சொல்கிறவர் செய்த குற்றமாக இருந்தால் உடம்புக்கு இன்னும் நல்லது.