‘பிரஸ்’ நடத்திய புரட்சிப் பத்திரிகை

ஒரகடம் வட்டாரத்தில் பிரெஞ்சுப் புரட்சியை இட்லி வரிசையில் நடத்திக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் ‘பிரஸ்’தான்.

கார் கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். சேரப்பணஞ்சேரியில் அவரும் நானும் ஒரே வாடகை அறையில் இருந்தோம். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் இருந்த அதே கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை. கேட்டவர்களிடம் “பிரஸ்ல இருக்கேன்” என்பார், அவ்வளவுதான். பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படியே சொல்லிவைக்க, பெண்ணின் அப்பா இவரை நிருபர் என்று நம்பி ஊர்ச் சாக்கடைப் பிரச்சினையை முழுக்க ஒப்பித்திருக்கிறார். இவரும் அக்கறையாகக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்துவிட்டார். பெண்ணைப் பார்க்க மறந்துபோனார். அப்புறம் யாரும் பெண் தரவில்லை.

காலையில் மெஸ் வரிசையில் நின்றால் ஆரம்பித்துவிடுவார்.

“பிரான்சு ராசா தல கத்தியாலயா உருண்டுச்சுங்கீரு? காயிதத்தாலவே! தெருத்தெருவா துண்டுப் பத்திரிகை வித்தான். ஒருத்தன் சத்தமாப் படிச்சான், ஊரே கேட்டுச்சு. அமெரிக்காவுல காயிதத்துக்கு வரி போட்டான் வெள்ளக்காரன். அச்சாபீஸ்காரன் சும்மா இருப்பானா?”

“அண்ணே, சட்னி தீந்துரும். நகருங்க.”

கடைசியில் அவரே பத்திரிகை ஆரம்பித்தார். பெயர் ‘இடி’. ஒரு பக்கம், கையெழுத்து, ஜெராக்ஸ். ஆசிரியர், நிருபர், விநியோகம் எல்லாம் அவரே. வாசகர் கடிதம்கூட உண்டு. ‘சென்ற இதழ் அருமை – ஒரு தோழர், வல்லக்கோட்டை.’ வல்லக்கோட்டையில் எங்களுக்குக் கோயில் முருகனைத் தவிர யாரையும் தெரியாது.

“யாருண்ணே இந்தத் தோழர்?”

“ஒரு வாசகர்” என்றார், சுவரைப் பார்த்தபடி.

டீக்கடைக்காரர் மட்டும் வாயாரப் பாராட்டினார். “பேப்பர் சூப்பரா கீது நைனா. பஜ்ஜி எண்ணெய இன்னாமா உறிஞ்சுது!”

பிரஸ் அசரவில்லை. “நாலு பேரு கைக்குப் போகுதுல்லா!”

ஒரு கோடையில் கம்பெனித் தண்ணீர் கூலர் பழுதானது. நாள்கணக்கில் குழாயில் வெந்நீர்தான் வந்தது. ‘மெஷின் சூடாகாமல் இருக்கக் கூலன்ட் ஊற்றுகிறீர்கள். மனுஷனுக்குத் தண்ணீர் எங்கே?’ என்று எழுதினார் பிரஸ். கம்பெனி பஸ்ஸில் யாரோ அதைச் சத்தமாகப் படிக்க, பஸ்ஸே அடங்கிப்போனது. முன் சீட்டில் பிரஸ் திரும்பவே இல்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

அன்றைக்கே சூப்பர்வைசர் லைனில் வந்து கத்தினார். “எவன்டா எழுதுனது?”

எல்லோரும் அவரவர் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டோம்.

“நாந்தான் சார்” என்று பிரஸ் கை தூக்கினார். “அடியில பேரு போட்டிருக்கனே, படிக்கலியா?”

கான்ட்ராக்ட் ஆள். உடனே கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த நாள் படப்பை பஸ் ஸ்டாப் வரை நான்தான் பையைத் தூக்கிப் போனேன். வழியனுப்ப வேறு யாரும் வரவில்லை.

“பஸ்ல எல்லாரும் கேட்டாங்களாவே?”

“எல்லாருந்தாண்ணே.”

“சிரிச்சாங்களோ?”

“ஒருத்தர்கூட சிரிக்கலண்ணே.”

தலையாட்டிக்கொண்டார். பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தும் அந்தத் தலையாட்டல் நிற்கவில்லை.

அந்த வாரமே புதுக் கூலர் வந்தது. எல்லோரும் குடித்தார்கள். யாரும் அவர் பேரைச் சொல்லவில்லை. விஷயத்தைச் சொல்லப் போன் செய்தேன்; அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது.

இப்போதெல்லாம் பேப்பர் கையில் கிடைத்தால் மூலை முடுக்கு விடாமல் படித்துவிடுகிறேன். பாவம், எங்கோ ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதியிருப்பார்.